வணிக நீதிமன்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வணிக நீதிமன்றம் என்பது எது?

விற்பனை ஒப்பந்தம், கப்பல் சரக்கு, காப்பீடு, வங்கிக் கடன், கட்டுமான ஒப்பந்தம், பங்குதாரர் தகராறு, காப்புரிமை உரிமம் போன்ற வணிக விவகாரங்களை மட்டும் விசாரிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட நீதிமன்றத்தையோ நீதிமன்றப் பிரிவையோ இப்பெயரால் அழைக்கிறோம். ஆனால் ஒரே பெயருக்குள் வெவ்வேறு அமைப்புகள் ஒளிந்திருக்கின்றன. பிரான்சில் அது தனி நீதிபதிகளைக் கொண்ட முழு நீதிமன்றம். ஜெர்மனியில் பொது நீதிமன்றத்துக்குள் இயங்கும் ஓர் அமர்வு. இங்கிலாந்தில் தனி வழக்குப் பட்டியலாகத் தொடங்கி உயர் நீதிமன்றத்தின் அங்கமாக வளர்ந்த பிரிவு. துபாயிலோ, நாட்டின் ஏனைய நீதிமன்றங்களிலிருந்து சட்டத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒரு தனித் தீவு.

ஆகவே ஒரு நாட்டில் வணிக நீதிமன்றம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், இரண்டு விவரங்களை விசாரித்து அறிவது நல்லது. அங்கே தீர்ப்புச் சொல்பவர் யார்? வழக்கின் நாள்களை எண்ணுபவர் யார், நீதிபதியா, வழக்காடுபவர்களா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால், அந்த நீதிமன்றத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி தெரிந்துவிடும். பெயர்ப்பலகை இரண்டாம்பட்சம்.

சாதாரண உரிமையியல் நீதிமன்றமே போதாதா?

போதாது என்று வணிகர்கள் நெடுங்காலமாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை நீதித்துறை காதில் போட்டுக்கொண்ட கதைகளில் இலண்டன் கதைதான் அதிகம் சொல்லப்படுவது. 1890களின் தொடக்கத்தில் ரோஸ் எதிர் ஆஸ்திரலேசியா வங்கி என்ற கப்பல் வழக்கு நீதிபதி ஜே. சி. லாரன்ஸ் முன் வந்தது. பொதுச் சேதப் பங்கீடு பற்றிய வழக்கு அது. அதாவது, கப்பலைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட இழப்பையும் செலவையும் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்களும் எந்த விகிதத்தில் பகிர்ந்துகொள்வது என்ற கணக்கு. துறைக்காரர்களுக்கே தலைசுற்றும் அந்தக் கணக்கில் நீதிபதிக்குப் பழக்கமில்லை. தீர்ப்பை ஒத்திவைத்த அவர் மாதக்கணக்கில் அதைக் கிடப்பில் போட்டார். நினைவூட்டப்பட்டபோது சொன்ன தீர்ப்பிலும் அவர் வழக்கைப் புரிந்துகொண்டதற்கான அடையாளம் இல்லை என்று வழக்கறிஞர்கள் பின்னாளில் பேசிக்கொண்டார்கள்.

இலண்டன் நகர வணிகர்கள் ஏற்கெனவே நீதிமன்றத்தைவிட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். 1892-இல் அவர்களுக்கென்று, நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் ஒரு நடுவர் மன்றமும் திறக்கப்பட்டிருந்தது. வழக்குகள் கைநழுவுவதைக் கண்ட நீதிபதிகள் 1895-இல் வணிக வழக்குகளுக்குத் தனிப் பட்டியலை ஏற்படுத்தி, வணிகச் சட்டத்தில் ஊறிய நீதிபதி மேத்யூவிடம் அதை ஒப்படைத்தார்கள். புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நீதிபதிகளே வெளியிட்ட ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை முறைப்படி ஒரு நீதிமன்றமாக்கியது. தேர்ச்சி பெற்ற ஒரு நீதிபதியும் ஒழுங்கான ஒரு பட்டியலும் இருந்தால் முக்கால் வேலை முடிந்துவிடுகிறது என்பதற்கு இடைப்பட்ட அந்த 75 ஆண்டுகளே சான்று.

இந்த வழக்கம் இலண்டனில்தான் பிறந்ததா?

இல்லை. இடைக்கால ஐரோப்பாவின் சந்தைகளிலேயே இது இருந்தது. இங்கிலாந்தின் சந்தை நீதிமன்றங்களுக்குத் ‘தூசிக் கால்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் வழங்கியது. ஊர் ஊராக நடந்து வந்து சரக்கு விற்பவனின் காலில் தூசி இருக்கும். சந்தை கலைந்ததும் அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். எனவே அவன் சம்பந்தப்பட்ட தகராறு அவன் கிளம்புவதற்குள் தீர வேண்டும். வணிக வழக்கில் காலதாமதம் ஏன் தனியொரு தீங்காகக் கருதப்படுகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

மத்தியதரைக் கடற்கரையில் 1283-இல் வலென்சியாவில் கடல் வணிகத்துக்கென்று தனி நீதியமைப்பு நிறுவப்பட்டது. பாரிஸில் 1563-ஆம் ஆண்டு அரசர் ஒன்பதாம் சார்லஸின் ஆணைப்படி, வணிகர்கள் தங்களுக்குள்ளேயே ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து நீதிபதிகளாக அமர்த்தினார்கள். இங்கிலாந்தில் 1756 முதல் 1788 வரை தலைமை நீதிபதியாக இருந்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு வேறு வழியைக் கையாண்டார்: வணிகர்களைக் கொண்ட சிறப்பு ஜூரிகளை அமர்த்தி, அவர்கள் வாயிலாகச் சந்தை வழக்கத்தை அறிந்து, அதைப் பொதுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். பாரிஸ் வணிகரையே நீதிபதி ஆக்கியது. இலண்டன் நீதிபதிக்கு வணிகத்தைக் கற்றுக்கொடுத்தது. இன்றைய வேறுபாடுகள் பலவற்றுக்கு இதுவே வேர்.

பிரான்சில் இன்றும் வணிகர்களே நீதிபதிகளா?

ஆம். புரட்சி பழைய தனி நீதிமன்றங்கள் பலவற்றை ஒழித்தபோதும் 1790-இல் வணிக நீதிமன்றங்களை விட்டுவைத்தது. 1807-ஆம் ஆண்டின் வணிகச் சட்டத் தொகுப்பு அவற்றை உறுதிப்படுத்தியது. நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் 134 இருந்தன. அவற்றின் நீதிபதிகள் தேர்தலால் வருபவர்கள், முதல் பதவிக்காலம் 2 ஆண்டு, அடுத்தவை 4 ஆண்டு, ஊதியம் கிடையாது. பகலில் நிறுவனம் நடத்துபவரோ வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவரோ நீதிமன்றத்தில் அங்கி அணிந்து அமர்கிறார்.

இதைக் கேட்டதும் எழும் ஐயம் நியாயமானதே: சந்தையில் போட்டியாளராக இருப்பவர் நடுநிலையாளராக இருக்க முடியுமா? சிற்றூர்களில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருப்பார்கள் என்பதும், திவால் நடவடிக்கைகளில் சொத்து யார் கைக்குப் போகிறது என்பதை இவர்களே முடிவுசெய்கிறார்கள் என்பதும் பிரான்சிலேயே பலமுறை விமர்சிக்கப்பட்டுள்ளன. கட்டாயப் பயிற்சி, சொத்துநலன் அறிவிப்பு, மேல்முறையீட்டில் தொழில்முறை நீதிபதிகள் ஆகியவை அதற்கான தடுப்புகள். மறுபக்கம், இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் அந்த நிறுவனம் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லக்கூடியவர் அமர்ந்திருப்பது, தொழில் நொடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பெரிய ஆதாயம். விற்பனைத் தகராறைவிட நொடிப்பு விவகாரங்களில்தான் இம்முறை தன் மதிப்பைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

2025 ஜனவரி 1 முதல் பாரிஸ், லியோன், மார்செய் உட்பட 12 இடங்களில் இவை பொருளாதார நடவடிக்கை நீதிமன்றங்கள் என்ற பெயரில் நான்கு ஆண்டுச் சோதனையாக விரிந்த அதிகாரத்துடன் இயங்குகின்றன. விவசாயிகள், சங்கங்கள் போன்றோரின் நொடிப்பு வழக்குகளும் இங்கே வருகின்றன. 50,000 யூரோவுக்கு மேற்பட்ட கோரிக்கையுடன் வரும் பெரிய நிறுவனங்கள் ஒரு பங்களிப்புத் தொகை செலுத்த வேண்டும் என்ற புதுமையும் சேர்ந்திருக்கிறது. நீதிமன்றத்தை அணுகுவது இலவசம் என்று பழகிய நாட்டில் அது சிறு சலசலப்பை ஏற்படுத்தாமல் இல்லை.

ஜெர்மனி எந்த வழியில் போகிறது?

நடுவழியில். அங்கே வணிக அமர்வில் ஒரு தொழில்முறை நீதிபதி தலைமை தாங்க, இருபுறமும் இரண்டு வணிகர்கள் அமர்கிறார்கள். தொழில் வணிகக் கழகத்தின் பரிந்துரையின்பேரில் இவர்கள் 5 ஆண்டுக்கு நியமிக்கப்படுகிறார்கள்; வாக்களிப்பில் மூவருக்கும் சம உரிமை. சட்டம் வழுவாமலும் சந்தை வழக்கம் மறக்கப்படாமலும் இருக்க இது நல்ல கலவை. பெல்ஜியத்தின் தொழில்நிறுவன நீதிமன்றங்களும் இவ்வாறே கலப்பு அமர்வுகள்தாம். சுவிட்சர்லாந்தில் சூரிக், பெர்ன், ஆர்காவ், செங்காலன் ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும் வணிக நீதிமன்றம் உண்டு.

அமெரிக்காவில் டெலவேர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அந்நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தச் சிறு மாநிலத்தில் பதிவுபெற்றவை என்பதாலும், அவற்றின் உள்விவகாரங்கள் 1792-இல் நிறுவப்பட்ட டெலவேர் சான்சரி நீதிமன்றத்துக்கு வருவதாலும்தான். அங்கே ஜூரி கிடையாது. ஏழு நீதிபதிகள் மட்டும். அவர்கள் எழுதும் தீர்ப்புகள் நாடு முழுவதும் நிறுவனச் சட்டத்தின் பாடநூல் போலப் படிக்கப்படுகின்றன.

வேகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ட்விட்டரை வாங்கும் 4,400 கோடி டாலர் ஒப்பந்தத்திலிருந்து ஈலான் மஸ்க் பின்வாங்க முயன்றபோது, ட்விட்டர் நிறுவனம் 2022 ஜூலை 12 அன்று அங்கே வழக்குத் தொடுத்தது. அடுத்த பிப்ரவரியில் விசாரிக்கலாம் என்று மஸ்க் தரப்பு கேட்டது. ஒரே வாரத்தில், ஜூலை 19 அன்று, நீதிபதி மெக்கார்மிக் அக்டோபரில் ஐந்து நாள் விசாரணை என்று நாள் குறித்தார். விசாரணை நடக்கவேயில்லை, அக்டோபர் 27 அன்று ஒப்பந்தம் நிறைவேறியது. தீர்ப்பு எழுதாமலே, தீர்ப்பு நாள் எப்போது என்று உறுதியாகச் சொன்னதால் மட்டும் முடிந்த வழக்கு அது.

ஆனால் பெயர்பெற்ற நீதிமன்றத்துக்கும் போட்டி உண்டு. டெஸ்லா நிறுவனத்தில் மஸ்கின் ஊதியத் திட்டத்தை 2024 ஜனவரியில் அதே நீதிமன்றம் ரத்து செய்ததைத் தொடர்ந்து, டெஸ்லா தன் பதிவை டெக்சஸுக்கு மாற்றிக்கொண்டது. அங்கே அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஒரு வணிக நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதன் நீதிபதிகளை ஆளுநர் 2 ஆண்டுக்கு மட்டுமே நியமிக்கிறார். இவ்வளவு குறுகிய பதவிக்காலம் உள்ள நீதிபதி, தன்னை நியமித்தவர் விரும்பும் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பெழுதத் தயங்கமாட்டாரா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

இந்தியாவின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் என்ன செய்தது?

சட்ட ஆணையம் 2015 ஜனவரியில் தன் 253-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததை அடுத்து, அதே ஆண்டு அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்தது இச்சட்டம். வழக்கமான உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை வணிக வழக்குகளுக்கு மட்டும் திருத்தி இறுக்கியதே இதன் மையம். முதலாவது வழக்கு மேலாண்மை விசாரணையிலிருந்து (வழக்கின் போக்கையும் நாள்களையும் நீதிபதி வகுக்கும் அமர்விலிருந்து) 6 மாதத்துக்குள் வாதங்கள் முடிய வேண்டும். வாதம் முடிந்த 90 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். இடைக்கால உத்தரவுகளை எதிர்த்துச் சீராய்வு மனு போட முடியாது. தோற்றவர் செலவுத்தொகை தருவதே பொது விதி. சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி, இமாச்சலப் பிரதேசம் ஆகிய ஐந்து உயர் நீதிமன்றங்கள் நேரடியாக உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் பெற்றவை என்பதால் அங்கே வணிகப் பிரிவுகளும், மற்ற இடங்களில் மாவட்ட அளவில் வணிக நீதிமன்றங்களும் அமைந்தன.

முதலில் வழக்கு மதிப்பு குறைந்தது 1 கோடி ரூபாயாக இருக்க வேண்டும் என்றிருந்தது. 2018-இல் அது 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. ஓர் ஒப்பந்தத்தை அமல்படுத்த எத்தனை நாள் ஆகிறது என்று உலக வங்கி வெளியிட்டுவந்த பட்டியல் அந்தக் காலத்தில் அரசின் கண்ணில் பெரிதாகத் தெரிந்தது. 2020-ஆம் ஆண்டு அறிக்கையில்கூட இந்தியாவுக்கு 1,445 நாள் என்றே இருந்தது. (முறைகேடுகள் வெளிவந்ததால் அந்த அறிக்கையையே உலக வங்கி 2021-இல் நிறுத்திவிட்டது என்பது தனிக்கதை.) வரம்பைக் குறைத்ததால் சிறு வணிகர்களும் பயன்பெறுவார்கள் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் சாதாரணக் கடன் வசூல் வழக்குகள் எல்லாம் வணிக வழக்குகளாகிவிட்டால், தனிச்சிறப்பு என்ற சொல்லுக்கே பொருள் குறைந்துவிடும். எல்லாரும் ஏறிய விரைவு வண்டி விரைவு வண்டியாக இராது.

உச்ச நீதிமன்றமும் இந்த அபாயத்தை உணர்ந்தே இருந்தது. அம்பாலால் சாராபாய் வழக்கில் 2019-இல், நிலம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் என்றால் அந்த நிலம் வணிகத்துக்காக உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்க வேண்டும், பிற்காலத்தில் பயன்படுத்தப்போவதாகச் சொல்வது போதாது என்று அது தீர்ப்பளித்தது. வாசலை அகலத் திறந்தது நாடாளுமன்றம். அதை ஓரளவு ஒருக்களித்துச் சாத்தியது நீதிமன்றம்.

120 நாள் விதி என்று சொல்கிறார்களே, அது உண்மையிலேயே அவ்வளவு கடுமையானதா?

ஆம். சாதாரண உரிமையியல் வழக்கில் எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துமூலப் பதில், தாக்கல் செய்யக் குறிக்கப்பட்ட கெடு, நடைமுறையில் வாய்தாமேல் வாய்தாவாக நீண்டு பழகியது. வணிக வழக்கில் 30 நாள். நீதிமன்றம் காரணம் பதிவுசெய்து, செலவுத்தொகை விதித்து, அதிகபட்சம் 120 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு அப்பால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும்.

இதை நாள் கணக்கோடு பார்க்க எஸ்சிஜி காண்ட்ராக்ட்ஸ் வழக்கு உதவும். பிரதிவாதிக்கு அழைப்பாணை சென்று சேர்ந்தது 2017 ஜூலை 14. 120 நாள் முடிந்தது நவம்பர் 11. எதிருரை தாக்கலானது டிசம்பர் 15. இடையில் பிரதிவாதி சும்மா இருக்கவில்லை. வழக்கே நிலைக்காது என்று மனுப் போட்டு வாதாடிக்கொண்டிருந்தார். உயர் நீதிமன்றமும் செலவுத்தொகை விதித்து எதிருரையை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அதைக் கோப்பிலிருந்து நீக்கியது: சட்டம் கட்டாயம் என்று சொன்னபின், நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் காட்டி அதைத் தாண்ட முடியாது. 34 நாள் தாமதத்தால் ஒரு தரப்பு தன் மறுப்பை எழுத்தில் வைக்கும் வாய்ப்பை இழந்தது. இது நீதியா என்று கேட்கலாம். விதிவிலக்கு ஒன்றை அனுமதித்தால் அடுத்த மாதமே அது விதியாகிவிடும் என்ற பட்டறிவின்மேல் எழுந்த கடுமை இது என்பதே விடை.

வழக்குத் தொடுக்கும் முன் சமரசம் கட்டாயமா?

இந்தியாவில், அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குகளுக்குக் கட்டாயம். 3 மாதம், இருதரப்பும் இசைந்தால் மேலும் 2 மாதம். அந்தக் காலம், வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலவரையறைக் கணக்கில் சேராது. பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இதை உறுதிப்படுத்தியதிலிருந்து, சமரசத்துக்குப் போகாமல் தொடுக்கப்படும் பிராது நிராகரிக்கப்படும். இதைத் தவிர்ப்பதற்காகவே தேவையில்லாமல் இடைக்காலத் தடை கேட்டு மனு இணைக்கும் வழக்கமும் முளைத்தது. அந்த அவசரம் உண்மையா, வேடமா என்று பார்க்கும் வேலை இப்போது நீதிபதிக்குக் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது.

வழக்கு மேலாண்மை விசாரணையில் என்னதான் நடக்கும்?

வணிக நீதிமன்றத்தின் உயிர்நாடி இதுவே என்பதால், கற்பனையான ஒரு வழக்கை வைத்துச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு எட்டுக் கொதிகலன்களை விற்கிறது. மூன்று கொதிகலன்கள் சோதனையில் தேறவில்லை. வாங்கியவர் கடைசித் தவணையை நிறுத்திவைக்கிறார். விற்றவர் பணத்துக்கு வழக்குப் போடுகிறார். வாங்கியவர், உற்பத்தி நின்றதால் ஏற்பட்ட இழப்பைக் கேட்டு எதிர்க்கோரிக்கை வைக்கிறார். பிராதையும் எதிருரையையும் அருகருகே வைத்தால் நாற்பது இடங்களில் முரண்பாடு தெரிகிறது. பழைய முறையில் நாற்பதுக்கும் சாட்சி, நாற்பதுக்கும் குறுக்கு விசாரணை.

மேலாண்மை விசாரணையில் நீதிபதி முதலில் ஒப்பந்தத்தைத் திறக்கிறார். வாங்குபவர் இழக்கும் இலாபத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அது செல்லும் என்றால் எதிர்க்கோரிக்கையின் பெரும்பகுதி அங்கேயே சாய்ந்துவிடும். அதற்குச் சாட்சியே தேவையில்லை, ஒரு நாள் வாதம் போதும். எனவே அதை முதலில் விசாரிப்பதாக நாள் குறிக்கிறார். கொதிகலன் ஏன் தேறவில்லை என்பது உலோகவியல் பிரச்சினை. இருதரப்பு நிபுணர்களும் வழக்கறிஞர்கள் இல்லாமல் சந்தித்து, எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் இல்லை என்று இரண்டு பக்கக் குறிப்பு தர வேண்டும் என்கிறார். ஐந்து ஆண்டு மின்னஞ்சல் முழுவதையும் கேட்கும் தரப்பிடம், சோதனை நடந்த மூன்று மாதத்துக்கு உரியவை மட்டும் போதும் என்கிறார். அறையைவிட்டு வெளியேறும்போது நாற்பது முரண்பாடுகள் நான்காகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கும். பெரும்பாலும், இரு தரப்பும் படிக்கட்டில் இறங்கும்போதே சமரசத் தொகை பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

இதற்கு நீதிபதி அன்று காலைக்குள் வழக்குக் கட்டு முழுவதையும் படித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது வழக்குகள் அழைக்கப்படும் நீதிமன்றத்தில் இது நடக்காது. சட்டத்தில் இதே விதியை எழுதிவைத்துவிட்டு, நீதிபதியின் வழக்குச் சுமையைக் குறைக்காத நாடுகளில், மேலாண்மை விசாரணை என்பது மற்றொரு வாய்தாவாக மாறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பன்னாட்டு வணிக நீதிமன்றங்கள் வேறு வகையா?

ஆம், இவை உள்நாட்டு வழக்குகளைவிட, வேறு நாட்டுத் தரப்புகள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் வழக்குகளை எதிர்பார்த்துத் திறக்கப்பட்டவை. துபாய் பன்னாட்டு நிதி மையத்துக்கு 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி நீதிமன்றம் கிடைத்தது. ஆங்கில மொழி, ஆங்கிலப் பொதுச்சட்ட மரபு. 2011 முதல், மையத்தோடு தொடர்பில்லாதவர்களும் ஒப்பந்தத்தில் எழுதி அதைத் தேர்ந்தெடுக்கலாம். சிங்கப்பூர் 2015 ஜனவரியில் திறந்த பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதிபதிகளும் அமர்கிறார்கள். நாட்டோடு தொடர்பற்ற வழக்குகளில் வெளிநாட்டு வழக்கறிஞர்கள் வாதாடலாம். வெளிநாட்டுச் சட்டத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்காமல் நேரடி வாதமாகவே முன்வைக்கலாம். கசகஸ்தானின் அஸ்தானாவிலும் 2018-இல் இத்தகைய நீதிமன்றம் தொடங்கியது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக முடிவெடுத்தபின், இலண்டனின் வழக்குகள் நம் பக்கம் வரட்டும் என்று ஐரோப்பிய நகரங்களும் களமிறங்கின. பாரிஸ் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு பன்னாட்டு அமர்வைத் திறந்தது. ஆங்கிலத்தில் வாதாடலாம், தீர்ப்பு மட்டும் பிரெஞ்சில். ஆம்ஸ்டர்டாம் 2019 ஜனவரி 1 முதல் தீர்ப்பையும் ஆங்கிலத்திலேயே தருகிறது. ஜெர்மனி 2025 ஏப்ரல் 1 முதல், பொதுவாக 5 லட்சம் யூரோ மதிப்பிலிருந்து, மாநில மேல் நீதிமன்றங்களில் ஆங்கில அமர்வுகளுக்கு வழிவிட்டது. பெல்ஜியம் மட்டும் கதவைத் திறக்கும் முன்பே மூடிக்கொண்டது: பணக்கார வெளிநாட்டவருக்கான ‘கேவியர் நீதிமன்றம்’ என்ற கேலியோடு அங்கே எழுந்த எதிர்ப்பால் 2019-இல் திட்டம் கைவிடப்பட்டது. சாதாரண நீதிமன்றங்களில் ஆளும் பணமும் போதாத நேரத்தில் இது எதற்கு என்ற கேள்வி அங்கே வென்றது.

சீனாவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2018-இல் ஷென்சென், சியான் நகரங்களில் அமைந்தது. அங்கே நீதிபதிகள் சீனர்களே, விசாரணை மொழியும் சீனமே. வெளிநாட்டு வல்லுநர்கள் ஆலோசனைக் குழுவில் மட்டும் இடம்பெறுகிறார்கள்.

நடுவர் மன்றம் இருக்கும்போது நீதிமன்றத்துக்கு ஏன் போக வேண்டும்?

மூன்று காரணங்கள் முக்கியமானவை. நடுவரின் அதிகாரம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களிடம் மட்டுமே செல்லும். துணை ஒப்பந்தக்காரர், காப்பீட்டாளர், உத்தரவாதம் தந்த வங்கி ஆகியோரை ஒரே வழக்கில் இழுத்துவர நீதிமன்றத்தால்தான் இயலும். நடுவர் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் பல நாடுகளில் மேல்முறையீடு கிடையாது. மேலும், நடுவர் தீர்ப்பு இரகசியம் என்பதால் அதிலிருந்து சட்டம் வளர்வதில்லை. கப்பல், காப்பீட்டுத் துறைகளின் பெரிய வழக்குகள் எல்லாமே மூடிய அறைக்குள் போய்விட்டால், அடுத்த தலைமுறை வழக்கறிஞர் எதைப் படித்து ஆலோசனை சொல்வார்? இரகசியம் வேண்டும் என்பவர்களுக்கு இதே காரணம் எதிர்த்திசையில் பொருந்தும்.

ஒரு நாட்டு வணிக நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு நாட்டில் செல்லுமா?

நீதிமன்றங்களின் பலவீனமான பக்கம் இதுதான். நடுவர் தீர்ப்புகளுக்கு 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அத்தகைய அகன்ற பாலம் இல்லை. நீதிமன்றத் தெரிவு குறித்த 2005-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை 2015-இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், சிங்கப்பூர் போன்றவை அதில் உள்ளன. தீர்ப்புகளை ஏற்பது குறித்த 2019-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஐரோப்பிய ஒன்றியத்திலும் உக்ரைனிலும் 2023 செப்டம்பர் முதலும், பிரிட்டனில் 2025 ஜூலை முதலும் நடைமுறையில் உள்ளது. இந்தியாவைப் பொறுத்தவரை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அறிவிக்கப்பட்ட நாடுகளின் தீர்ப்பாணையை நேரடியாக நிறைவேற்று மனுவில் கொண்டுவரலாம். பிரிட்டன், சிங்கப்பூர் ஆகியவற்றோடு 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற நாடுகளின் தீர்ப்பை வைத்துப் புதிதாக வழக்குத்தான் போட வேண்டும்.

திவால் வழக்குகளும் இங்கேதான் வருமா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் வரும். இந்தியாவில் நிறுவனங்களின் நொடிப்பு, 2016-இல் அமைந்த தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அமெரிக்காவில் கூட்டாட்சித் திவால் நீதிமன்றங்களுக்கு.

மேல்முறையீடு எப்படி?

பெரும்பாலும் சுருக்கமாக. இலங்கையில் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து நேரே உயர் நீதிமன்றத்துக்கு, அதாவது அந்நாட்டின் உச்ச அமர்வுக்கே, மேல்முறையீடு செல்கிறது. இந்தியாவில் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். 6 மாதத்தில் அதை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

வணிக நீதிமன்றங்களை ஒழித்த நாடுகள் உண்டா?

உண்டு. ஸ்பெயின் 1868-இலும் இத்தாலி 1888-இலும் தங்கள் வணிக நீதிமன்றங்களை மூடின. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும்போது வணிகனுக்கு மட்டும் தனி வாசல் எதற்கு என்பது அன்றைய வாதம்; அது இன்றும் வலுவிழக்கவில்லை. இருந்தும் ஸ்பெயின் 2004-இலும் இத்தாலி 2012-இலும் அவற்றை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தன. திரும்பி வந்தபோது வணிகர்கள் நீதிபதிகளாக வரவில்லை. பயிற்சி பெற்ற தொழில்முறை நீதிபதிகள் வந்தார்கள். ‘வணிகனுக்கான நீதிமன்றம்’ போய் ‘வணிக விவகாரத்துக்கான நீதிமன்றம்’ வந்தது. சமத்துவ வாதத்துக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் இதுவே நேர்மையானதாக எனக்குப் படுகிறது. ஆப்பிரிக்காவில் உகாண்டா 1996-இலும், தான்சானியா 1999-இலும், ருவாண்டா 2008-இலும் தங்கள் வணிக நீதிமன்றங்களைத் தொடங்கியதும் இந்த இரண்டாம் வகையிலேயே.

ஒப்பந்தம் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அதிகார வரம்புப் பிரிவைக் கடைசிப் பக்கத்தில் பழைய ஒப்பந்தத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதுதான் பொதுவான பழக்கம். அதற்குப் பதிலாக நான்கு விவரங்களை முன்கூட்டியே பார்த்துவிடலாம்: எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது, அந்த நாடு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்கும், தேர்ந்தெடுக்கும் நீதிமன்றத்துக்கு வழக்கு மதிப்பு வரம்பு உண்டா, வழக்கின் மொழி எது. மேலும், அந்த நீதிமன்றம் ‘மட்டுமே’ விசாரிக்கும் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை முதன்மையாகப் பாதுகாப்பது, இப்படி ஒரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் தரும் தெரிவையே. அந்த ஒரு சொல் இல்லாமல், இரண்டு நாடுகளில் இரண்டு வழக்குகள் ஒரே நேரத்தில் ஓடவும், எது முந்தியது என்ற தகராறிலேயே முதல் ஓராண்டு கழியவும் இடமுண்டு.